துரைசாணி வீட்டுக் கருவாடு

எங்கள் வீட்டில் கெட்டுப்போன சாப்பாடு என்று ஒன்று கிடையாது. காய வைக்க மறந்த சாப்பாடு என்றுதான் உண்டு. இந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு பதினேழு வயதில் நான் செய்த காரியத்தை இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடப் போகிறேன். எனக்கு எழுதத் தெரியாது. என் அக்கா மகன் ஏழுமலை கோட்டையில் ஒல்லாந்தர்களிடம் எழுத்து வேலை பார்க்கிறான். நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான். என் பேச்சு கொச்சையாம், அதனால் திருத்தி எழுதுகிறான். திருத்தாதே என்று நான் சண்டை போட்ட இடங்களை மட்டும் அடைப்புக்குள் போட்டிருக்கிறான். (போட்டியாடா? போட்டுட்டேன் சின்னம்மான்றான். படிக்கத் தெரியாதவ, நம்பித்தான் ஆவணும்.)

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில் எங்கள் குப்பம். எங்கள் வீட்டில் விலைக்கு வந்தது அரிசி மட்டும்தான். மற்றதெல்லாம் பிடித்தது, பறித்தது, தோண்டியது. உப்புகூட, கோடையில் ஏரி ஓரம் வற்றும்போது நாங்களே சுரண்டி எடுப்போம். மீன் பாடு இல்லாத நாளில் நைனா வலையை வைத்துவிட்டுக் கண்ணியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மழைக்காலத்தில் ஏரியில் வந்து இறங்கும் வாத்தும் உள்ளான் குருவியும் அவர் தோளில் தொங்கிக்கொண்டு வரும். அன்றைக்குத் தின்றது போக மிச்சத்தை அம்மா உப்பும் மஞ்சளும் தடவி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவாள். நானும் அக்காவும் முழங்கால் தண்ணீரில் நின்று கால் விரலால் துழாவி மட்டி எடுப்போம். கரையில் உமரிக்கீரை பறிப்போம். அதை மூன்று தண்ணீர் மாற்றி வேக வைத்தால்தான் உப்பு இறங்கும். வேண்டுமென்றே இரண்டோடு நிறுத்திவிட்டு நைனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். களாக்காயும் நார்த்தங்காயும் ஜாடியில் உப்புக்குள் இருக்கும். நெத்திலியும் வாளையும் சென்னாக்கூனியும் பாயில் வெயிலுக்குள் இருக்கும். எங்கள் கூரையைப் பிரித்தால் ஓலையைவிடக் கருவாடுதான் அதிகம் விழும்.

இப்படி வளர்ந்தவளுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் இது எத்தனை நாள் தாங்கும் என்றுதான் முதலில் தோன்றும். (பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்த்தும் எனக்கு அதான் தோணிச்சு. தாங்குவாருன்னு பட்டுது. தாங்கினாரு.)

இதற்கு மேல் எனக்கு மூக்கு வேறு. எங்கள் குப்பத்தில் மீன் நல்லதா கெட்டதா என்று சந்தேகம் வந்தால் கூடையை என் மூக்குக்கு நேரே கொண்டுவருவார்கள். நான் முகர்ந்து தலையை ஆட்டினால் குழம்பு. முகத்தைச் சுளித்தால் மதியத்துக்குள் உப்பு, வெயில். எட்டு வயதிலிருந்து எனக்கு இந்த மரியாதை. மரியாதை கூடக் கூடப் பயமும் கூடியது. நான் தப்பாகச் சொல்லி ஒரு குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவது போலக் கனவு வரும். எனக்குப் பயம் என்றால் நெஞ்சில் வராது, வயிற்றில்தான் வரும். அது இந்தக் கதையில் நிறைய வரப் போகிறது.

அக்கா நாகம்மா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஒல்லாந்து துரை வீட்டில் பதினாலு வயதில் பாத்திரம் தேய்க்கப் போனாள். ஐந்து வருஷம் தேய்த்தாள். பிறகு ஒரு நாள் அந்த வீட்டுத் துரைசாணி, உக்கிராண அறையின் சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டாள். அரிசி, கோதுமை, எண்ணெய், உப்பு போட்ட இறைச்சிப் பீப்பாய், கப்பலில் வரும் சாராயம் எல்லாம் இருக்கிற அறை. எது உள்ளே வரும், எது வெளியே போகும் என்பதெல்லாம் இனிமேல் அக்கா சொன்னபடி. குப்பத்திலிருந்து போன ஒருத்தியின் இடுப்பில் ஒல்லாந்து வீட்டுச் சாவி என்பது அதுவரை யாரும் பார்க்காத விஷயம். அந்த வீட்டுக்கு வேண்டிய மீனையும் நைனா பிடித்த வாத்தையும் அவள்தான் பார்த்து எடுப்பாள். அத்தானுக்குத் திருக்கை முள் குத்தின கால் ஆறாமல் அவர் கடலுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சாவிதான் அவர்கள் இரண்டு பேருக்கும் சோறு.

அக்காவுக்குத் தலைப்பிரசவம். வலி கண்ட அன்று காலையில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். பிரசவமானால் முப்பது நாள் தீட்டு, வீட்டை விட்டு வெளியே வர முடியாது. அதுவரை அவள் இடத்தில் நான் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் துரைசாணி வேறு ஆளைப் போட்டுவிடுவாள்.

"பச்ச, நல்லா கேட்டுக்க," என்றாள். என் பெயர் பச்சையம்மா. "அந்த உக்கிராண உள்ளுல ஒரு பொருளு கெடக்கூடாது. கெட்டா சாவி போச்சு. சாவி போனா நான் பழையபடி பாத்திரம் தேய்க்கணும்."

"சரிக்கா."

"தெரியாத பொருளு இருந்தா தொடாத. சமையக்கார பஸ்தியான் அண்ணன கேளு. அவருக்கு அவுங்க பாஷை தெரியும்."

"சரிக்கா."

"இன்னா சரி? சொன்னத திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். முதல் பாதியை மட்டும். அதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. இரண்டாம் பாதி எனக்கும் மறந்துவிட்டது.

அன்று மதியம் ஆண் பிள்ளை பிறந்தது. நான் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரியைத் தாண்டிப் போனேன். சாவி தொலைந்துவிடுமோ என்று நூறு அடிக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். தூங்கும்போது பல்லில் கடித்துக்கொண்டு தூங்கினேன். (காலைல எழுந்தா வாயெல்லாம் துரு. துப்பிட்டு ரத்தம்னு நெனச்சு ஒரு நாழி அழுதேன்.)

அந்த அறையைத் திறந்து முதல் தடவை உள்ளே போனபோது மூக்குக்கு வேலை அதிகம். ஒவ்வொரு பீப்பாயையும் மூட்டையையும் முகர்ந்து பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அக்கா அப்படி வைத்திருந்தாள். தினம் காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், சாயங்காலம் இரண்டு தரம் முகர்ந்தேன். பஸ்தியான் அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா பச்ச, எலி மாதிரி சுத்துற?" என்று கேட்டார்.

நாலாம் நாள் கப்பல் வந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே நின்ற கப்பலிலிருந்து படகில் சாமான் இறக்கினார்கள். துரைசாணிக்கு ஒரு கடிதமும் ஒரு சின்ன மரப்பெட்டியும் வந்தன. கடிதத்தை அவள் உள்ளே போய்ப் படித்தாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு உக்கிராண அறைக்கு வந்தாள். வைக்கோலை விலக்கி, துணி சுற்றிய உருண்டையான ஒன்றை வெளியே எடுத்தாள். அம்மிக்குழவியைவிடக் கனமாக இருக்கும் போல. துணியை விலக்கினாள். மேலெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூசணம்.

நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். துரைசாணி அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மேல் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

எங்கள் குப்பத்தில் பிறந்த யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒன்றைத்தான் நினைப்பார்கள். கூடையில் மூக்கை வைத்துவிட்டு ஒரு பொம்பளை கண் கலங்கினாள் என்றால் மீன் போய்விட்டது என்று அர்த்தம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த சாமான் கெட்டுவிட்டது, பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். கெட்டது கப்பலில்தானே, என் கணக்கில் வராது என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் துரை ஏதோ வேலையாகத் தெற்கே சதுரங்கப்பட்டினத்துக்குப் படகில் கிளம்பினார். துரைசாணியும் கூடப் போனாள். அவர்களுக்குச் சமைக்க பஸ்தியான் அண்ணனும் போனார். வர பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். வாசலில் காவல்காரன், உள்ளே நான், மேல் தட்டில் அது.

அது நாற ஆரம்பித்தது. முதல் நாள் அறைக்குள் மட்டும். இரண்டாம் நாள் கதவுக்கு வெளியே. மூன்றாம் நாள் அதன் மேல் எண்ணெய் போல வியர்வை வந்தது. நாலாம் நாள் பூசணத்துக்கு முடி முளைத்தது. அழுகின மீனை எனக்குத் தெரியும், அழுகின முட்டையைத் தெரியும், வெயிலில் ஊதிப் போன ஆமையையும் தெரியும். இது எதோடும் சேராத நாற்றம். துரையின் காலுறையைப் பழைய தயிரில் ஊற வைத்தது போல இருந்தது. பக்கத்தில் இருந்த கோதுமையை முகர்ந்தேன். அதிலும் அந்த வாடை. சாராயப் பீப்பாயிலும் அதே வாடை. என் விரலை முகர்ந்தேன். விரலிலும் அதுவே.

வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் கெடும் என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். இது இப்படியே இருந்தால் அறை முழுக்கக் கெடும். துரைசாணி வந்து கதவைத் திறப்பாள், அக்காவின் சாவி போகும். அக்காவைக் கேட்கலாம் என்றால், பச்சை உடம்புக்காரிக்குக் கெட்ட சேதி சொன்னால் பால் சுண்டிப்போகும் என்பார்கள். அப்படியானால் பிள்ளைக்குப் பால் இல்லாமல் போன பழியும் என் தலையில். அதனால் கேட்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அறைக்கு வெளியே உட்கார்ந்து கதவை முறைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் காலையில் முடிவு பண்ணிவிட்டேன். நல்ல வெயில், காற்றும் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஏரிக்கரைக்குப் போனேன். எங்கள் குப்பத்துப் பெண்கள் அக்கரையிலிருந்து வந்து அங்கேதான் மீன் காய வைப்பார்கள். அம்மாவின் பழைய பாய் ஒன்றும் அங்கே இருந்தது.

முதலில் பூசணத்தைச் சுரண்டினேன். பிறகு ஏரித் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அரிவாள்மணையில் வைத்து அறுத்தபோது உள்ளே மஞ்சளாக இருந்தது. எலும்பு இல்லை, முள் இல்லை. நடுநடுவே சீரகம் இருந்தது. (சத்தியமா சீரகம். ஏழுமலை சிரிக்கிறான். இருந்துச்சுடா.) மீன் வயிற்றுக்குள் சீரகம் எப்படிப் போனது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான். விரல் கனத்துக்குத் துண்டு போட்டேன். கல்லுப்பும் மஞ்சளும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் தடவினேன். பாயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாகப் பரப்பினேன். அம்மா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள், அவ்வளவு நேர்த்தி. இரண்டு நாளாக இல்லாத பசி அப்போதுதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மீன் காய வைக்க வந்த பெண்கள் கூடிவிட்டார்கள். செங்கேணி அத்தை எங்கள் குப்பத்தில் எல்லாம் தெரிந்தவள். குனிந்து பார்த்தாள்.

"இது இன்னா மீனுடி?"

"வெள்ளக்காரங்க ஊரு மீனு அத்த."

"தலையும் இல்ல, வாலும் இல்ல?"

"தலைய அங்கியே தின்னுடுவாங்களாம்."

"பேரு இன்னா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. துரை வீட்டுச் சாவியைக் கழுத்தில் போட்டவள் தெரியாது என்று சொல்லலாமா? "மஞ்ச வாளை," என்றேன்.

"நானும் நெனச்சேன்," என்றாள் அத்தை. அந்த ஊர்க் கடலில் அது நிறையப் பிடிபடும் என்று பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கமும் சொன்னாள்.

வெயில் ஏறியது. கருவாடு என்றால் வெயில் ஏற ஏறச் சுருங்கும், விறைக்கும். இது வியர்த்தது. அப்புறம் பளபளத்தது. அப்புறம் உடம்பைத் தளர்த்திப் பாயில் படுத்துக்கொண்டது. ஓரமெல்லாம் வழிந்தது. பதறிப் போய் ஒரு துண்டைத் திருப்பிப் போடலாம் என்று ஈர்க்குச்சியால் தூக்கினேன். பாதி குச்சியோடு வந்தது, பாதி பாயிலேயே இருந்தது, நடுவில் நூல் நூலாக இழுத்துக்கொண்டு நின்றது. நூல் விடுகிற மீனை நான் பார்த்ததே இல்லை. உப்பு போதவில்லை போல என்று இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

அந்தச் சூட்டில் ஒரு வாடை எழும்பியது. அத்தனை பெண்களும் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து கருவாட்டோடு படுத்து எழுந்தவர்கள். திமிங்கிலம் ஒதுங்கி அழுகிய கரையில் உட்கார்ந்து கூழ் குடித்தவர்கள். அவர்களே பொத்திக்கொண்டார்கள். செங்கேணி அத்தை தன் பாயைச் சுருட்டிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப் பக்கம் போய்விட்டாள். ஒரு காக்கை இறங்கி ஒரு துண்டைக் கொத்தியது. அலகு ஒட்டிக்கொண்டது. கத்தவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அது மணலில் தலையைத் தேய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்ததும்தான் என்னவோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. வயிறு கீழே இறங்கி முழங்காலுக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் பஸ்தியான் அண்ணன் நின்றார். போன வேலை சீக்கிரம் முடிந்து எல்லோரும் திரும்பிவிட்டார்கள். துரைசாணி முன்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறாளாம்.

"இன்னா பச்ச இது?"

"மேல் தட்டுல இருந்தது கெட்டுப்போச்சுண்ணே. நல்ல வேளை, காப்பாத்திட்டேன்."

அவர் பாயைப் பார்த்தார். காக்கையைப் பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அது கெடல பச்ச. அது அப்படித்தான் இருக்கும். பால்ல செய்றது, பால்கட்டி. நாம மீன காய வெச்சு வெச்சுக்கறோம் இல்ல, அவுங்க பால அந்த மாதிரி வெச்சுக்கறாங்க."

"அழுதாங்களேண்ணே. மோந்து பாத்துட்டு அழுதாங்க."

"அவுங்கம்மா கையால செஞ்சு அனுப்புனது. அனுப்பிட்டு அந்தம்மா செத்துட்டாங்க. அந்தச் சேதி சொன்ன கடுதாசியும் இதுவும் ஒரே கப்பல்ல வந்துது."

செத்துப் போன ஒரு தாயின் கடைசிச் சமையலை நான் அறுத்து, உப்புப் போட்டு, காக்கைக்கு வைத்திருக்கிறேன். அழக்கூட நேரம் இல்லை. பஸ்தியான் அண்ணன் நல்ல மனுஷன். எழுந்து, "வா, உருட்டிப் பாக்கலாம்," என்றார்.

இரண்டு பேருமாகப் பாயிலிருந்து சுரண்டி எடுத்தோம். ஒரு சட்டியில் போட்டு அமுக்கினோம். மேலே அம்மிக்குழவியை வைத்து நான் ஏறியும் நின்றேன். கவிழ்த்துத் தட்டினால் சட்டியின் அடிபோல ஒன்று வந்தது. மேலெல்லாம் பாயின் பின்னல் அச்சு. பக்கத்தில் பாயின் கோரை ஒன்று ஒட்டிக்கொண்டு வால் போல நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் தடவியதில் நிறம் வேறு பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் அது உண்மையிலேயே மீன் மாதிரி இருந்தது. அதைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்தோம். வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் துரைசாணி.

தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக அதைத் தேடித்தான் வந்திருக்கிறாள். துணியை விலக்கினாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பாயின் அச்சை விரலால் தடவினாள். பிறகு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். துரைதான் வந்து பேசினார், கத்தினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கை கோட்டைப் பக்கம் நீண்டது நன்றாகப் புரிந்தது. கோட்டையில் பூட்டி வைக்கிற இருட்டறை பற்றிக் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். போனவர்கள் திரும்பி வந்து பேசமாட்டார்கள்.

பஸ்தியான் அண்ணன் குப்பத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். நைனா வருவார் என்று நினைத்தேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரம் பின்வாசலில் வந்து நின்றது அக்கா.

தீட்டுக்காரி படகில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கங்கையம்மன் அந்தப் படகுக்கு மீன் காட்ட மாட்டாள் என்பது எங்கள் நம்பிக்கை. அவளுக்குப் படகு தர யாரும் முன்வரவில்லை. அத்தான் தன் கட்டுமரத்தைத் தள்ளி, ஆறாத காலோடு கோல் போட்டு அவளை ஏரியைத் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு நாள் பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"அண்ணே, நான் சொல்றத அவுங்ககிட்ட சொல்லுங்க," என்றாள் பஸ்தியான் அண்ணனிடம். "என் தங்கச்சி மேல தப்பு இல்ல. கெடப் போவுதுன்னு தோணினா உப்பு போட்டு காய வெச்சுடுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அவ நான் சொன்னதத்தான் செஞ்சா."

நான் வாயைத் திறந்தேன். "நீ பேசாத," என்றாள்.

பஸ்தியான் அண்ணன் சொன்னார். துரைசாணி அக்காவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். துரையிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். துரை கையை இறக்கினார். என்னை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள் என்றார் பஸ்தியான் அண்ணன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா நாகம்மா, சாவிய கேக்குறாங்க," என்றார்.

அக்கா ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். படியில் வைத்தாள். "வாடி போலாம்," என்றாள்.

திரும்பி வரும் வழியில் நான் கட்டுமரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தேன். அவள் திட்டவில்லை. கரைக்கு வந்ததும், "மஞ்ச வாளைன்னு சொன்னியாமே," என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயவில்லை.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் படகிலிருந்து இறங்கினபோது அக்காதான் முதல் குரல் கொடுத்தாள். "மாப்பிள்ளைய நெழல்ல நிறுத்துங்க, எங்க பொண்ணு உப்ப எடுத்துட்டு வந்துடப் போறா." எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என் கையில் கொடுக்கும்போது, தூளியில்தான் போட வேண்டும், பாயில் பரப்பக் கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால், "இன்னும் கெடல, அவசரப்படாத," என்பார். விசேஷத்துக்கு எல்லோரும் கூடினால் அக்கா முழுக் கதையையும் சொல்வாள். காக்கை மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டிக் காட்டுவாள். செங்கேணி அத்தை மாதிரிக் குனிந்து பார்ப்பாள். அந்தப் பால்கட்டி என்ன ஆனது என்றும் சொல்வாள். துரைசாணி அதைத் தூக்கி எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னத் துண்டு வெட்டி, மணலைத் தட்டிவிட்டு, தனியாக உட்கார்ந்து தின்பாளாம். இரண்டு வருஷம் வந்ததாம், கெடவே இல்லை. பஸ்தியான் அண்ணன் சொன்னது. (அந்த விஷயத்துல என் வேலை சுத்தம்.)

பாயின் அச்சு, வால், அத்தோடு அக்காவின் கதை முடிந்துவிடும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவள் பின்வாசலுக்கு வந்ததைச் சொல்ல மாட்டாள். சாவியைச் சொல்ல மாட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடச் சொன்னது இல்லை. தீட்டு முடிந்ததும் அவள் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள். சாவி வேறு ஒருத்தியின் இடுப்பில் இருந்தது. அந்தத் துரைசாணி கப்பல் ஏறும்வரை ஒன்பது வருஷம் அக்கா பின்கட்டில் பாத்திரம் தேய்த்தாள். என்னால்தான். நான் அவளிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டது இல்லை. கேட்க ஆரம்பித்தால் அவள் காக்கை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள், நான் சிரித்துவிடுவேன்.

இந்த இடத்தில் ஏழுமலை எழுதுவதை நிறுத்திவிட்டான். (நிறுத்தினதையும் எழுதுன்னேன்.)

"எங்கம்மாகிட்ட சாவி இருந்துச்சா?" என்று கேட்டான். சின்ன வயசில் அந்த வீட்டுப் பின்கட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாம்பல் எடுத்துக் கொடுப்பானாம். அவள் விரல் எல்லாம் வெடித்திருக்குமாம். அம்மா என்றால் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தானாம்.

"இருந்துச்சுடா. மூணு வருஷம். அவ தோள்ல தூங்கிட்டு இருந்தது நீதான்."

பிறகு, எழுதி முடித்ததும் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். "அவளுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."